ஹெல்லெபோர்: மருந்து வேரிலிருந்து நிழல் தோட்டத்துக்கு

ஹெல்லெபோர் என்பது ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இயற்கையாக வளரும், பல ஆண்டுகள் வாழும் செடியினம் ஆகும். தாவரவியலில் இதன் பேரினப் பெயர் ஹெல்லெபோரஸ். இது ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் பயன்படும் கருஞ்சீரகமும், கொடிய நஞ்சாக அறியப்படும் வச்சநாபியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹெல்லெபோரஸ் பேரினத்தில் ஏறத்தாழ 20 சிற்றினங்கள் உள்ளன. இவற்றில் மிகுதியானவை பால்கன் மலைப்பகுதிகளில் வளர்கின்றன.

இன்று குளிர்நாட்டுத் தோட்டங்களில் மரநிழலில் வளர்க்கப்படும் செடிகளுள் ஹெல்லெபோர் முதன்மையானது. வேறு பூக்கள் இல்லாத கடுங்குளிர்காலத்தில் இது பூக்கிறது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இச்செடியை மக்கள் அறிந்தது பூவுக்காக அன்று, வேருக்காகவே. பைத்தியத்துக்கு மருந்தாகவும், மாட்டு வைத்தியத்திலும், போரில் நஞ்சாகவும் அதன் வேர் பயன்பட்டது. வேர் மட்டும் தோண்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, விற்கப்பட்ட காலம் முழுவதும் எது உண்மையான ஹெல்லெபோர் என்பதில் பெருங்குழப்பம் நிலவியது. உயிருள்ள செடியை அது வளரும் இடத்திலேயே சென்று பார்த்தவர்கள்தாம் அக்குழப்பத்தைத் தீர்த்தனர். அதே பார்வையிலிருந்துதான் இச்செடியை நிழலில் வளர்க்கும் முறையும் உருவானது.

செடியின் இயல்பு

ஹெல்லெபோர் பொதுவாக 30 முதல் 60 செ.மீ. உயரம் வளரும். இலைகள் தடித்து, கைவிரல்களைப் போலப் பிரிந்திருக்கும். பெரும்பாலான சிற்றினங்களில் இலையும் பூக்காம்பும் தரையடித் தண்டிலிருந்து தனித்தனியே எழும்பும். ஹெல்லெபோரஸ் ஃபெடிடஸ், ஹெல்லெபோரஸ் ஆர்குடிஃபோலியஸ் போன்ற சிலவற்றில் மட்டும் நிலத்துக்கு மேலே இலைகளோடு கூடிய தண்டு வளர்ந்து, அதன் நுனியில் பூங்கொத்து தோன்றும்.

பூவில் நாம் இதழ்கள் என்று கருதும் ஐந்தும் உண்மையில் புல்லி இதழ்கள். அல்லி இதழ்கள் சிறுத்து, குழல் வடிவத் தேன்சுரப்பிகளாக மாறிப் பூவின் நடுவில் வளையமாக நிற்கின்றன. அல்லி இதழ்கள் விரைவில் உதிர்ந்துவிடும். புல்லி இதழ்கள் அப்படி உதிர்வதில்லை. ஹெல்லெபோர்ப் பூ ஒரு மாதத்துக்கு மேலும் செடியில் நிற்பதற்குக் காரணம் இதுவே. மகரந்தச் சேர்க்கைக்குப் பின் பல சிற்றினங்களின் புல்லி இதழ்கள் பச்சையாக மாறி, ஒளிச்சேர்க்கை செய்து, விதை முற்ற உதவுகின்றன.

பெரும்பாலான சிற்றினங்களின் பூக்கள் தலைகவிழ்ந்தே இருக்கும். குளிர்கால மழையும் பனியும் மகரந்தத்தை நனைக்காமல் இவ்வமைப்பு காக்கிறது. விதையின் ஒரு பக்கத்தில் எண்ணெய்ப் பசையுள்ள சிறு சதைப்பகுதி உண்டு. எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிச் சென்று, சதையைத் தின்றுவிட்டு விதையைக் கைவிடுகின்றன. காட்டில் இச்செடி பரவுவது பெரும்பாலும் இவ்வாறே.

கிரேக்கர் அறிந்த ஹெல்லெபோர்

கிரேக்கத் தொன்மக் கதை ஒன்றில், ப்ரொய்ட்டஸ் என்ற மன்னனின் மகள்கள் சித்தம் கலங்கி, தம்மைப் பசுக்கள் என்று எண்ணித் திரிகின்றனர். மெலாம்பஸ் என்பவன் அவர்களை ஹெல்லெபோர் கொண்டு குணப்படுத்துகிறான். இக்கதையின் காரணமாகக் கறுப்பு ஹெல்லெபோருக்கு அவனுடைய பெயராலேயே மெலாம்போடியம் என்ற பெயரும் வழங்கியது.

உடலில் தேங்கும் தீய நீர்மங்களே நோய்க்குக் காரணம் என்பது அக்கால மருத்துவக் கொள்கை. குறிப்பாக, கரும்பித்தம் மிகுந்தால் மனக்கலக்கம் உண்டாகும் என்று நம்பினர். அதனால், கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் ஹெல்லெபோர் மனநோய்க்கு மருந்தாயிற்று. கொரிந்து வளைகுடாக் கரையில் இருந்த ஆன்டிகைரா என்ற ஊர் இவ்வேருக்குப் பெயர் பெற்றிருந்தது. ஒருவனை ஆன்டிகைராவுக்குப் போகச் சொன்னால், அவனுக்குப் பைத்தியம் என்று சொல்வதாகப் பொருள். உரோம எழுத்தாளர் பிளினி, ட்ரூஸஸ் என்ற உரோமத் தலைவர் அவ்வூரில் மருந்துண்டு வலிப்பு நோய் தீர்ந்தார் என்று எழுதுகிறார். மூளை தெளிவடையும் என்று நம்பி, தத்துவ விவாதங்களுக்கு முன் அறிஞர்கள் சிலர் ஹெல்லெபோர் உட்கொண்டதாகவும் பழைய நூல்கள் கூறுகின்றன.

இதன் ஆபத்தையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஹெல்லெபோர் உண்டபின் வலிப்பு வந்தால் அது சாவுக்கு அறிகுறி என்று ஹிப்போகிரடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல் எச்சரிக்கிறது. வேர் தோண்டுவோரின் நடைமுறைகளைத் தியோஃப்ராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பதிவு செய்துள்ளார். செடியைச் சுற்றி வட்டம் வரைந்து, கிழக்கு நோக்கி நின்று வேண்டிக்கொண்டு தோண்ட வேண்டும். அப்போது கழுகு அருகில் வந்தால் தோண்டுபவர் அவ்வாண்டிலேயே இறப்பார். தோண்டும்போது தலை கனக்கும் என்பதால் முன்னதாகப் பூண்டு தின்று மது அருந்த வேண்டும். இவற்றையெல்லாம் எழுதும் தியோஃப்ராஸ்டஸ், சடங்குகள் பலவும் வலிந்து புனைந்தவை என்றே கருதினார்.

கிர்ரா நகரின் குடிநீர்

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டெல்பிக் கோயிலைச் சார்ந்த கூட்டணி நாடுகள் கிர்ரா என்ற நகரை முற்றுகையிட்டன. இப்போர் முதலாம் புனிதப் போர் எனப்படுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பௌசானியஸ் தரும் கதைப்படி, நகருக்குள் சென்ற ஆற்றுநீர் முதலில் திருப்பிவிடப்பட்டது. பின்னர் ஹெல்லெபோர் வேர்கள் மிகுதியாகப் போடப்பட்ட நீர் மீண்டும் நகருக்குள் விடப்பட்டது. தாகத்தில் தவித்த மக்கள் அதைக் குடித்துக் கடும் பேதிக்கு ஆளாயினர். காவலர்கள் மதிலை விட்டு அகன்றதும் நகரம் வீழ்ந்தது.

இந்தத் திட்டத்தை வகுத்தவர் ஏதென்ஸ் நகரின் சோலோன் என்கிறார் பௌசானியஸ். வேறு எழுத்தாளர்கள் வேறு படைத்தலைவர்களின் பெயர்களைச் சொல்கின்றனர். நெப்ரோஸ் என்ற மருத்துவர் கொடுத்த யோசனை இது என்றும், அவர் ஹிப்போகிரடீஸின் முன்னோர் என்றும் மற்றொரு மரபு கூறுகிறது. போர் நடந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை என்பதால் இக்கதைகளை வரலாற்றாசிரியர்கள் ஐயத்துடனே அணுகுகின்றனர். எனினும், குடிநீரில் நஞ்சு கலந்த போர் உத்தி பற்றிய மிகப் பழைய கதைகளுள் ஒன்றாக இது பேசப்படுகிறது.

ஒரு பெயர், பல செடிகள்

பண்டைய நூல்களில் கறுப்பு ஹெல்லெபோர், வெள்ளை ஹெல்லெபோர் என இரண்டு வருகின்றன. கறுப்பு வகை பேதிக்கும் வெள்ளை வகை வாந்திக்கும் பயன்பட்டன. இவ்விரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை என்று எழுதிய தியோஃப்ராஸ்டஸ், அவற்றின் தோற்றத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வதையும் குறிப்பிடுகிறார். செடிகள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வேரின் நிறம் மட்டுமே வேறு என்று சிலர் சொன்னார்களாம். வேரைக் கடையில் வாங்கியவர்கள் செடியைப் பார்த்ததில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

வெள்ளை ஹெல்லெபோர் என்பது வெராட்ரம் ஆல்பம் என்ற முற்றிலும் வேறான செடி. அது ஹெல்லெபோரஸ் பேரினத்தைச் சேர்ந்தது அன்று. அதன் குடும்பமும் வேறு. ஹோமியோபதி மருத்துவ முறையைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன், 1812இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையின் பொருளே பண்டையோரின் ஹெல்லெபோர் மருத்துவம்தான். பண்டையோரின் வெள்ளை ஹெல்லெபோர் வெராட்ரமே என்று அதில் அவர் வாதிட்டார்.

கறுப்பு ஹெல்லெபோரிலும் குழப்பம் இருந்தது. நடு ஐரோப்பிய மருத்துவர்கள் தம் நாட்டு மலைகளில் வளர்ந்த, வெண்பூவும் கருவேரும் கொண்ட ஒரு செடியைக் கிரேக்க நூல்கள் கூறும் கறுப்பு ஹெல்லெபோர் என்று கொண்டனர். கார்ல் லின்னேயஸ் 1753இல் அதற்கு ஹெல்லெபோரஸ் நைகர் என்று பெயரிட்டார். நைகர் என்றால் கறுப்பு. இப்பெயர் வேரைக் குறிக்கிறது. பூ தூய வெண்மையானது. ஆனால் அச்செடி ஆல்ப்ஸ் மலையையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்ந்தது. கிரேக்க நாட்டில் அது இயற்கையாக வளர்வதே இல்லை.

இதை நேரில் சென்று ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்னஃபோர். 1700 முதல் 1702 வரை கிரேக்கத் தீவுகளிலும் துருக்கியிலும் பயணம் செய்த அவர், அங்கு வளர்ந்த வேறொரு ஹெல்லெபோரே பண்டையோர் சொன்ன செடி என்று கருதினார். அதற்கே பின்னர் 1789இல் லமார்க் ஹெல்லெபோரஸ் ஓரியன்டாலிஸ் என்று பெயர் சூட்டினார். கிரேக்க நிலப்பகுதியில் பரவலாக வளரும் பச்சைப் பூக்கள் கொண்ட ஹெல்லெபோரஸ் சைக்ளோஃபில்லஸ் என்பதே பண்டைய கறுப்பு ஹெல்லெபோராக இருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

கடுகுரோகிணியும் ஹெல்லெபோரும்

இந்தப் பெயர்க் குழப்பம் தமிழையும் விட்டுவைக்கவில்லை. பழைய தமிழ் - ஆங்கில அகராதிகளில் கடுகுரோகிணி அல்லது கடுரோகிணி என்ற சொல்லுக்குக் கறுப்பு ஹெல்லெபோர் என்று பொருள் தரப்பட்டுள்ளது. ஹெல்லெபோரஸ் நைகர் என்ற தாவரப் பெயரையும் காணலாம். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஒயிட்லா ஐன்ஸ்லியும், 1826இல் வெளிவந்த மெட்டீரியா இண்டிகா என்ற நூலில் கடுகுரோகிணியைக் கறுப்பு ஹெல்லெபோர் என்ற தலைப்பின் கீழ் வைத்துள்ளார்.

உண்மையில் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் பயன்படும் கடுகுரோகிணி, பிக்ரோரைசா குர்ரோவா என்ற இமயமலைச் செடியின் உலர்ந்த தரையடித் தண்டும் வேருமாகும். வடநாட்டில் இது குட்கி எனப்படும். இதற்கும் ஹெல்லெபோருக்கும் தாவரவியல் உறவு எதுவும் இல்லை. கிரேக்க மருத்துவம் அரபு மொழிக்குச் சென்றபோது ஹெல்லெபோர் கர்பக் எனப்பட்டது. இந்தியாவில் பாரசீக மொழியில் எழுதிய யுனானி மருத்துவர்கள் குட்கியை இந்தியக் கர்பக் என்று அழைத்தனர். ஐரோப்பியர் அதைக் கறுப்பு ஹெல்லெபோர் என்று பதிந்தனர். இரண்டும் கருநிற வேர்த்துண்டுகளாகவே கடைக்கு வந்தவை, இரண்டும் கசப்பானவை, இரண்டும் பேதியாகக் கொடுக்கப்பட்டவை. உலர்ந்த வேரை மட்டும் வைத்துப் பார்த்தவர்களுக்கு இவை ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இது வெறும் அகராதிப் பிழை அன்று. ஹெல்லெபோர் வேரில் ஹெல்லெப்ரின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. அது அரளியின் நஞ்சைப் போல இதயத்துடிப்பைத் தாக்கக்கூடியது. பழைய அகராதியை நம்பி, கடுகுரோகிணி என்று எண்ணி ஹெல்லெபோரஸ் நைகரைப் பயன்படுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மறுபுறம், இமயமலையில் அளவுக்கு மீறித் தோண்டப்பட்டதால் உண்மையான கடுகுரோகிணி அருகி வருகிறது. அதன் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. கிடைப்பதற்கு அரிதாகும் மருந்துப் பொருளுக்கு மாற்றுச் சரக்கு கலக்கப்படும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆகவே மூலிகைகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இவ்விரு பெயர்களையும் பிரித்தறிவது அவசியம்.

கால்நடை மருத்துவம்

கிராமப்புற ஐரோப்பாவில் ஹெல்லெபோர் மாட்டு வைத்தியரின் மருந்தாக நெடுங்காலம் நீடித்தது. நோயுற்ற மாட்டின் காதில் துளையிட்டு கான்சிலிகோ என்ற செடியின் வேரைச் செருகும் முறையை, கி.பி. முதல் நூற்றாண்டு உரோம வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா விவரிக்கிறார். அது ஒருவகை ஹெல்லெபோர் என்று கருதப்படுகிறது. இங்கிலாந்தில் மாட்டின் அலைதாடியில் துளையிட்டு ஹெல்லெபோர் வேரைச் செருகி வைத்தனர். வேரின் காரத்தால் புண்ணாகிச் சீழ் வடியும்; அதோடு நோயும் வெளியேறும் என்பது நம்பிக்கை. ஹெல்லெபோரஸ் ஃபெடிடஸ் செடிக்கு இன்றும் வழங்கும் செட்டர்வோர்ட் என்ற ஆங்கிலப் பெயர் இந்தச் சிகிச்சையிலிருந்து வந்ததே.

மூலிகை நூலிலிருந்து பூந்தோட்டத்துக்கு

1597இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூல், கறுப்பு ஹெல்லெபோர் இலண்டன் தோட்டங்களில் வளர்வதையும் கிறிஸ்துமஸ் காலத்தில் பூப்பதையும் குறிப்பிடுகிறது. கிறிஸ்துமஸ் ரோஜா என்ற பெயர் இவ்வாறு நிலைத்தது. ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. 1629இல் ஜான் பார்க்கின்சன் இன்பத் தோட்டத்து மலர்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கும் இடம் கிடைத்தது. அதே காலத்தில் மருந்தென்ற பெயரும் மறையவில்லை. ராபர்ட் பர்ட்டன் மனச்சோர்வைப் பற்றி எழுதிய பெருநூலின் 1628ஆம் ஆண்டுப் பதிப்பில், முகப்புப் படத்தில் ஹெல்லெபோரும் ஒரு மருந்துச் செடியாக வரையப்பட்டுள்ளது.

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுபவர் இங்கிலாந்தின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார். 1789இல் வெளிவந்த அவருடைய நூலில் தம் ஊர்க் காடுகளில் வளரும் இரு ஹெல்லெபோர்களைப் பற்றி எழுதுகிறார். ஃபெடிடஸ் வகை குளிர்காலம் முழுவதும் பசுமையாக நின்று சனவரியில் பூப்பதையும், நிழல் நடைபாதைகளுக்கு அது அழகு சேர்க்கும் என்பதையும் குறிப்பிடுகிறார். கிராமத்துப் பெண்கள் அதன் இலைப்பொடியைப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுக்கின்றனர் என்று சொல்லி, அது கடுமையான மருந்து, எச்சரிக்கை தேவை என்றும் கூறுகிறார். விரிடிஸ் என்ற பச்சைப் பூ வகை இலையுதிர் காலத்தில் மடிந்து, பிப்ரவரியில் தரையைவிட்டு எழும்பும்போதே பூப்பதையும் கவனித்து எழுதியுள்ளார். மருந்து, ஆபத்து, அழகு, வளரிடம் ஆகிய நான்கையும் சில வரிகளில் ஒன்றாகப் பதிந்த குறிப்பு அது.

நிழல் தோட்டம் உருவான விதம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காக்கேசியப் பகுதியிலிருந்து ஓரியன்டாலிஸ் வகைகள் ஐரோப்பியத் தாவரவியல் தோட்டங்களுக்கு வந்தன. அவற்றுள் சில செந்நிறப் பூக்களையும், சில புள்ளிகள் நிறைந்த வெண்பூக்களையும் கொண்டிருந்தன. பெர்லின் முதலிய இடங்களில் இவை ஒன்றோடொன்று கலந்து புதிய நிறங்கள் தோன்றின. கிறிஸ்தவர்களின் தவக்காலத்தை ஒட்டிப் பூப்பதால் இவற்றுக்குத் தவக்கால ரோஜா என்ற பெயர் ஏற்பட்டது. இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த ஆர்ச்சர்-ஹிண்ட் என்பவர் பல கலப்பினங்களை உருவாக்கினார்.

அக்காலத் தோட்டக்கலையில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குடில்களில் வளர்த்த பூச்செடிகளைக் கோடையில் வரிசையாக நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கியெறிவது அதுவரை வழக்கம். வில்லியம் ராபின்சன் 1870இல் எழுதிய நூலில் இதற்கு மாற்றாக, குளிரைத் தாங்கும் செடிகளை அவற்றின் இயல்புக்கு ஏற்ற இடத்தில் நட்டுத் தாமாகப் பெருக விடலாம் என்று வாதிட்டார். மரத்தடி என்பது பயனற்ற இடம் என்ற எண்ணம் இதனால் மாறியது.

கெர்ட்ரூட் ஜெக்கில் இக்கருத்தைத் தம் மன்ஸ்டெட் உட் தோட்டத்தில் செயலில் காட்டினார். ஹேசல் கொட்டை மரங்கள் இருபுறமும் நின்ற நடைபாதையின் ஓரங்களில் அவர் தவக்கால ரோஜாக்களை வளர்த்தார். 1899இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விவரிக்கப்பட்டுள்ளது. இந்த இணைப்பின் பொருத்தம் காட்டிலேயே இருக்கிறது. ஹேசல் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். அப்போது வெயில் தரைவரை விழும். ஹெல்லெபோர் பூப்பதும் புதிய இலை விடுவதும் அப்போதுதான். கோடையில் மரம் தழைத்து, வெயில் கடுமையாகும்போது செடிக்கு நிழல் தருகிறது. உதிர்ந்த இலை மக்கி உரமாகிறது. ஹெல்லெபோருக்குத் தேவைப்படுவது ஆண்டு முழுவதும் இருக்கும் இருள் அன்று, பருவத்தோடு மாறும் நிழல். நிழல் தோட்டக்கலையின் அடிப்படைப் பாடம் இதுவே.

கலப்பினங்களும் செடிப் பண்ணைகளும்

ஹெல்லெபோரைப் பெருக்குவது கடினம். வேர்த்தூரைப் பிரித்து நட்டால் மெல்லவே வளரும். விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போல இருக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் நல்ல நிறமுள்ள செடிகள் நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தன.

1960களுக்குப் பின் இங்கிலாந்தில் எரிக் ஸ்மித், ஹெலன் பல்லார்ட், எலிசபெத் ஸ்ட்ராங்மன் ஆகியோர் இதில் பெரும் பங்காற்றினர். பால்கன் பகுதியின் காட்டு இனங்களைக் கலந்து கருநீலச் சாயல், மஞ்சள், தூய வெள்ளை ஆகிய நிறங்களைப் பெற்றனர். 1971இல் ஸ்ட்ராங்மன் மான்டினீக்ரோவில் டார்க்வாட்டஸ் என்ற சிற்றினத்தின் அடுக்குப் பூச்செடிகள் இரண்டைக் காட்டில் கண்டெடுத்தார். டைடோ, ஈனியஸ் என்று பெயரிடப்பட்ட அவ்விரு செடிகளும் அடுக்குப் பூக் கலப்பின வளர்ப்பில் முக்கிய இடம் பெற்றன. 1989இல் பிரையன் மேத்யூ இப்பேரினம் முழுவதையும் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். தோட்டக் கலப்பினங்கள் இன்று ஹெல்லெபோரஸ் ஹைப்ரிடஸ் என்ற பொதுப் பெயரால் அழைக்கப்படுகின்றன.

இப்பேரினத்தின் கிழக்கு எல்லைச் செடி சீனாவில் உள்ளது. 1869இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஆர்மன் டாவித் சிச்சுவான் மலைகளில் கண்ட ஹெல்லெபோரஸ் திபெட்டானஸ், 1990களின் தொடக்கத்தில்தான் மேலைநாட்டுத் தோட்டங்களை அடைந்தது. இடையே 120 ஆண்டுகள் கடந்திருந்தன.

பின்னர் திசு வளர்ப்பு முறை வந்ததும் ஒரே தன்மையுள்ள செடிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்க முடிந்தது. அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் ஹெல்லெபோரஸ் ஹைப்ரிடஸை 2005ஆம் ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது.

வளர்ப்பும் பராமரிப்பும்

இடம்: இலையுதிர் மரங்களின் அடியில், பகுதி நிழல் உள்ள இடம் சிறந்தது. என்றும் பசுமையான மரங்களின் கீழுள்ள அடர்ந்த இருளில் செடி உயிரோடிருக்கும். ஆனால் பூ குறையும். பூக்கள் தலைகவிழ்ந்திருப்பதால் சரிவிலோ உயர்த்திய பாத்தியிலோ நட்டால் உட்புறத்தைக் காணலாம்.

மண்: மக்கு நிறைந்த, ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத மண் தேவை. நீர் தேங்கினால் வேர் அழுகும். நடுநிலையான அல்லது சற்றுச் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண் ஏற்றது. குறிப்பாக நைகர் வகை சுண்ணாம்பை விரும்பும்.

நடுதல்: தரையடித் தண்டு மண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பூ வராது. செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி போதும். வேர் ஆழமாகச் செல்வதாலும் இடமாற்றத்தை விரும்பாததாலும் முதலிலேயே நிலையான இடத்தில் நடுவது நல்லது.

நீரும் உரமும்: அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் கோடையின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கும். எனவே கோடை வறட்சியில் நீர் ஊற்ற வேண்டும். இலையுதிர் காலத்தில் இலைமக்கு மூடாக்கு இடலாம். அது தரையடித் தண்டை மூடிவிடக் கூடாது.

இலை நீக்குதல்: ஹைப்ரிடஸ் வகையில் பழைய இலைகளை டிசம்பர் அல்லது சனவரியில், பூக்காம்பு எழும்பும் முன் அடியோடு வெட்டிவிடுவர். இது பூவை வெளிக்காட்டுவதுடன் நோய்ப் பரவலையும் தடுக்கும். ஃபெடிடஸ், ஆர்குடிஃபோலியஸ் ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் தண்டு முதலாண்டில் வளர்ந்து மறு ஆண்டில் பூப்பதால், பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும்.

விதை: விதை கோடைத் தொடக்கத்தில் முற்றும். உடனே விதைத்தால் கோடை வெப்பத்தையும் அடுத்து வரும் குளிரையும் கடந்து, குளிர்கால முடிவில் முளைக்கும். உலரவிட்ட பழைய விதை முளைக்க நீண்ட காலம் எடுக்கும். நாற்று பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

உறைபனி: கடும் பனியில் பூக்காம்புகள் தரையில் சாய்ந்துவிடும். பனி விலகியதும் அவை தாமே நிமிரும். இதைக் கண்டு செடி இறந்ததாகக் கருதி வெட்டிவிடக் கூடாது.

குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலச் சமவெளிகள் இச்செடிக்கு ஏற்றவை அல்ல.

நோய்களும் நச்சுத்தன்மையும்

இலைகளில் கரும்புள்ளிகளை உண்டாக்கும் பூஞ்சை நோய் ஈரமான குளிர்காலங்களில் பரவும். பாதிக்கப்பட்ட இலைகளை வெட்டி அகற்றுவதே முதல் தீர்வு. இதைவிடக் கொடியது கறுப்புச் சாவு எனப்படும் நச்சுயிரி நோய். 1990களில் கவனத்துக்கு வந்த இந்நோயில், புதிய தளிரிலும் இலை நரம்புகளிலும் கருங்கோடுகள் தோன்றி, செடி குறுகி உருக்குலையும். அசுவினிப் பூச்சிகள் இதைப் பரப்புவதாகக் கருதப்படுகிறது. இதற்கு மருந்தில்லை. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. சாறு தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம் என்பதால் இலை வெட்டும்போதும் விதை சேகரிக்கும்போதும் கையுறை அணிவது வழக்கம். சிறுவர்களும் வளர்ப்பு விலங்குகளும் உண்ணாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதே நச்சுத்தன்மையால் மான்களும் முயல்களும் பெரும்பாலும் இதைத் தீண்டுவதில்லை. தோட்டக்காரருக்கு இது ஒரு நன்மை.

மதிப்பீடு

ஹெல்லெபோரை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் நவீன மருத்துவத்தில் இன்று இல்லை. பயனுள்ள அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலான தொலைவு மிகக் குறைவு என்பதே காரணம். செடியில் மாற்றம் எதுவும் இல்லை. கிர்ராவின் நீரில் கலந்ததாகச் சொல்லப்படும் அதே நஞ்சு இன்று தோட்டத்தில் பூக்கும் செடியிலும் இருக்கிறது. மாறியது மனிதர் அதை அணுகிய முறை. கடைச்சரக்காக வேரை மட்டும் கண்டவரை, தொடர்பற்ற பல செடிகள் ஒரே பெயருக்குள் அடங்கின. அக்குழப்பம் ஆன்டிகைராவிலிருந்து தமிழ் அகராதி வரை வந்து சேர்ந்தது. எந்த மண்ணில், எந்த மரத்தடியில், எந்த மாதத்தில் வளர்கிறது என்று கண்டபோது பெயரும் தெளிந்தது, வளர்க்கும் முறையும் விளங்கியது. கடுகுரோகிணி போன்ற நம் மூலிகைப் பெயர்களை ஆராயும்போதும் அகராதிச் சொல்லோடு நின்றுவிடாமல், அச்சரக்கு எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதுவரை சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.